எட்டுப் பேர் கவிழ்த்த மந்திரிசபை!

தென்காசியில் பஸ் ஏறி செங்கோட்டைக்கு ஒரு டிக்கெட் கேட்டால், கண்டக்டர் மீதிச் சில்லறையைத் தேடி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஏழெட்டு கிலோமீட்டர்தான். சாரல் சீசனில் குற்றாலத்துக் கூட்டம் ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாக பஸ்ஸை அடைத்துக்கொண்டால்கூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஆனால், இந்த ஏழெட்டு கிலோமீட்டரைத் தாண்டினால் 'வேறு ராஜ்ஜியம்' என்று இருந்த காலம் ஒன்று உண்டு.

தென்காசிக்காரர் மடியில் அணா இருக்கும். செங்கோட்டைக்காரர் மடியில் சக்கரம் இருக்கும். (தேர்ச்சக்கரம் இல்லை சார், திருவிதாங்கூர் நாணயம்! 28 சக்கரம் கொடுத்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் வேண்டுமென்றால் மேலே அரைச் சக்கரம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்திலேயே எக்ஸ்சேஞ்ச் ரேட்!) தென்காசிக்காரர் தபால் போடுவார். செங்கோட்டைக்காரர் போடுவது 'அஞ்சல்'. திருவிதாங்கூர் மகாராஜாவின் தபால் இலாகாவுக்கு அதுதான் பெயர்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், நம் எல்லோருக்கும் செங்கோட்டைக்காரர். ஆனால் அன்றைய வரைபடப்படி அவர் ஊர் பிரிட்டிஷ் இந்தியாவிலேயே இல்லை. திருவிதாங்கூரில் இருந்தது!

மகாராஜா ஆட்சி போயிற்று. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து 'திரு-கொச்சி' ராஜ்யம் ஆயிற்று. அப்போதும் செங்கோட்டை அந்தப் பக்கம்தான். 1956 அக்டோபர் 31 ராத்திரி சாப்பிட்டுப் படுத்த செங்கோட்டைக்காரர் திரு-கொச்சிவாசி. மறுநாள் காலை பல் துலக்கும்போது சென்னை ராஜ்யவாசி! வீடு மாறவில்லை, திண்ணை மாறவில்லை. மாநிலம் மட்டும் மாறிவிட்டது.

யார் மாற்றினார்கள்? டெல்லிதான் சட்டம் போட்டது. அந்த டெல்லியைத் திரும்பிப் பார்க்க வைத்ததில் பெரும் பங்கு, 108 பேர் கொண்ட ஒரு சட்டசபையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேருக்கு உண்டு.

ஆமாம், எட்டே எட்டுப் பேர்!

கட்சிக்குள் குட்டிக் கட்சி

அரசியலில் 'காக்கஸ்' என்று ஒரு வார்த்தை அடிபடும். பெரிய கூட்டத்துக்குள் ஒரு சின்னக் கூட்டம். தனியாக உட்கார்ந்து பேசும். ஒன்றாகக் கை தூக்கும், ஒன்றாகக் கை மடக்கும். எண்ணிக்கையில் சுண்டைக்காய்தான். ஆனால் தராசு முள் நடுவில் ஆடும்போது சுண்டைக்காய்க்கும் எடை உண்டு!

அமெரிக்காவில் இதற்குப் பிரசித்தமான உதாரணம், குடியரசுக் கட்சிக்குள் 2015-ல் ஆரம்பித்த 'ஃப்ரீடம் காக்கஸ்'. கடுமையான பழமைவாதிகள். 'அரசாங்கம் செலவைக் குறை, வரியைக் குறை, தலையீட்டைக் குறை' என்று சொந்தக் கட்சித் தலைவர்களையே தூங்கவிடாதவர்கள். 2023 ஜனவரியில் கெவின் மெக்கார்த்தி சபாநாயகர் ஆவதற்கு 15 தடவை ஓட்டெடுப்பு நடத்த வேண்டி வந்தது. முட்டுக்கட்டை போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தக் கோஷ்டிக்காரர்கள். அதே வருஷம் அக்டோபரில் அவர் பதவியே போயிற்று. எதிர்க்கட்சியோடு சேர்ந்து கவிழ்த்த சொந்தக் கட்சிக்காரர்கள் எத்தனை பேர் தெரியுமா? எட்டு! (அந்த எட்டுப் பேரில் எல்லோருமே காக்கஸ்காரர்கள் இல்லை. ஆனால் பாணி அதுதான்.)

இந்தக் காக்கஸ் மாநிலங்களுக்கும் பரவியது. வயோமிங் என்ற மாநிலத்தில் 2024 தேர்தலில் சட்டசபையின் கீழ்சபையையே பிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலச் சபை இவர்கள் கைக்குப் போனது அதுவே முதல் தடவை.

"எங்கேயோ இருக்கிற வயோமிங்குக்கும் எங்க ஊர் புளியரைக்கும் என்னவே சம்பந்தம்?" என்று செங்கோட்டை அண்ணாச்சி யாராவது கேட்கலாம். சம்பந்தம் அந்த எட்டில் இருக்கிறது. அவர்களுக்கு எழுபது வருஷம் முன்னாலேயே நம் ஆட்கள் இந்த ஆட்டத்தை ஆடிவிட்டார்கள். அதுவும் வேறு மாதிரி ஆடினார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மனு மலையாளத்தில்!

18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, கொட்டாரக்கரைப் பக்கம் ஆண்ட இளையிடத்து சொரூபத்தைத் தன் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டார். மலைக்குக் கிழக்கே தொங்கிக்கொண்டிருந்த செங்கோட்டையும் அதோடு கூடவே போயிற்று. கல்யாணத்தில் பெண்ணோடு சீதன அண்டா போவது மாதிரி!

தாலுகாவில் பத்துக்கு ஒன்பது பேர் தமிழ் பேசுகிறவர்கள். ஆனால் மேலே நிர்வாகம் நடந்தது மலையாளத்தில். வயல் தகராறு என்றால் திருநெல்வேலி பக்கத்தில் இருந்தும் பிரயோஜனமில்லை. மலை தாண்டிக் கொல்லம், திருவனந்தபுரம் என்று ஓட வேண்டும். 1904-ல் கொல்லம் - செங்கோட்டை ரயில் வந்தது. பதிமூன்று கண் பாலம், குகைப் பாதை, அருவி என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான பிரயாணம்தான். ஆனால் கையில் கோர்ட் சம்மனை வைத்துக்கொண்டு போகிறவருக்கு இயற்கை அழகு எங்கே தெரியும்?

தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களிலும் இதே கதைதான். வடக்கே தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் ஏராளமான தமிழர்கள் இருந்தார்கள்.

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் 1946-ல் 'திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்' ஆயிற்று. 1947-ல் நாகர்கோவில் வக்கீல் நேசமணி வந்து சேர்ந்தார். அதன்பிறகு வண்டி டாப் கியரில் ஓட ஆரம்பித்தது. பின்னாளில் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'மார்ஷல் நேசமணி'. செங்கோட்டைப் பக்கம் இந்தக் கொடியைப் பிடித்தவர் சட்டநாதக் கரையாளர்.

இவர்கள் வலதா, இடதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதே சபையில் கம்யூனிஸ்டுகள் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். சோஷலிஸ்டுகள் சமுதாயத்தை மாற்றுவது பற்றிப் பேசினார்கள். இவர்கள் கேட்டது புரட்சியே இல்லை. பாட்டன் பேசிய மொழியிலேயே பேரனும் மனு எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்காக வரைபடத்தைத் திருத்துங்கள் என்றார்கள். இந்த ஒரே அஜெண்டாதான் அவர்கள் பலம்.

44 கூட்டல் 8

1952. திரு-கொச்சியில் தேர்தல் முடிந்து ரிசல்ட் வருகிறது. மொத்தம் 108 இடங்கள். காங்கிரஸுக்கு 44. தமிழ்நாடு காங்கிரஸுக்கு 8.

கால்குலேட்டர் வேண்டாம், மனக்கணக்கே போதும். மெஜாரிட்டிக்கு 55 வேண்டும். 44-ம் 8-ம் 52. கூட இன்னும் மூன்று பேரைப் பிடித்தால் மந்திரிசபை ரெடி. அந்த 8 இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

ஏ.ஜே.ஜான் முதல்வர் ஆனார். தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவு கொடுத்தது. அவர்களில் சிதம்பரநாதன் மந்திரியும் ஆனார்.

இங்கேதான் கதையில் வழக்கமாக ஒரு திருப்பம் வரும். நம் ஆபீஸ்களில் பார்த்ததில்லையா? யூனியனில் உரக்கக் கத்துகிறவருக்கு ஒரு தனி கேபினும் சுழல் நாற்காலியும் கொடுத்துப் பாருங்கள். அடுத்த மாதத்திலிருந்து, "மேனேஜ்மென்ட் தரப்பிலேயும் ஒரு நியாயம் இருக்கு சார்" என்பார். மந்திரி பதவி என்பது ராஜ்ய லெவலில் ஒரு சுழல் நாற்காலி!

ஆனால் இவர்கள் நாற்காலியில் சுழலவில்லை. கேட்டது வரைபடம். கிடைத்தது மந்திரி பதவி. இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்திருந்தது. கேரளத் தலைவர்களோ தங்கள் 'ஐக்கிய கேரள'த்திலிருந்து ஒரு தாலுகாவையும் விடத் தயாராக இல்லை. ஆதரவு வாபஸ் ஆயிற்று. 1953 செப்டம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஜான் மந்திரிசபை கவிழ்ந்தது. சபையே கலைந்து, மறு தேர்தல்.

மந்திரிசபையைக் கவிழ்த்தவர்களை ஜனங்கள் தண்டிப்பார்கள் என்பது சாதாரணக் கணக்கு. 1954 தேர்தலில் தமிழ்நாடு காங்கிரஸுக்குக் கிடைத்த இடம், 12. எட்டு பன்னிரண்டு ஆகிவிட்டது!

ஆகஸ்ட் 11

இதுவரை சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். இனிமேல் வருவது அப்படியில்லை.

1954-ல் வெறும் 19 எம்.எல்.ஏ.க்களை வைத்துக்கொண்டு பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப் பிள்ளை முதல்வரானார். காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. தமிழ்ப் பகுதிகளில் போராட்டம் சபையை விட்டுத் தெருவுக்கு வந்தது. மூணாறில் தடையை மீறியதற்காக நேசமணி கைதானார்.

ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாள் என்று அறிவித்தார்கள். அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஊர்வலம் போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் எம்.எல்.ஏ.க்கள் இல்லை, மந்திரி பதவிக்கு வரிசையில் நின்றவர்களும் இல்லை. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துவதற்குச் சட்டசபை ஓட்டு மட்டும் விலையாக இருக்கவில்லை.

இதில் டெல்லி வரைக்கும் எதிரொலித்த விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்று தன் கட்சி மந்திரிசபையே ராஜினாமா செய்ய வேண்டும் என்றார், பிரஜா சோஷலிஸ்ட் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. ஜனங்களைச் சுடுகிற ஆட்சி சோஷலிஸ்ட் ஆட்சியாக இருக்க முடியாது என்பது அவர் கட்சி. பட்டம் மறுத்தார். கடைசியில் லோகியா பொறுப்பை உதறினார். அடுத்த வருஷம் முடிவதற்குள் தனிக் கட்சியே கண்டார். அப்போது இந்தியாவிலேயே பெரிய எதிர்க்கட்சிகளில் ஒன்றாக இருந்த கட்சி உடைந்ததற்கு மார்த்தாண்டமும் புதுக்கடையும் ஒரு காரணம்.

1955 பிப்ரவரியில் பட்டம் மந்திரிசபையும் விழுந்தது. காங்கிரஸின் பனம்பிள்ளி கோவிந்த மேனன் முதல்வர் ஆனார். யார் ஆதரவோடு? மறுபடியும் தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவோடுதான்! காங்கிரஸுக்கு 45, இவர்களுக்கு 12. மறுபடி அதே மனக்கணக்கு.

கிடைத்ததும் விட்டதும்

1955 செப்டம்பர் 30 அன்று மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் என்று மூன்று உறுப்பினர்கள். தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்கு என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்கே என்றது.

1956 நவம்பர் 1. நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம். செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் முழுசாக இல்லை. மலைக்கு மேற்கே இருந்த காட்டுப் பகுதி கேரளாவிலேயே தங்கிவிட்டது. கிழக்குப் பாதிதான் நமக்கு வந்தது.

இன்றைக்குப் புளியரை தாண்டி வளைந்து வளைந்து ஏறி ஆரியங்காவு போகிறவர்களுக்கு அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும். போர்டில் எழுத்து மாறும், டீக்கடைப் பாட்டு மாறும். மற்றபடி மழையும் மரமும் ஒன்றுதான். மார்கழியில் அச்சன்கோவில் சாஸ்தாவின் திருவாபரணப் பெட்டி புனலூரில் புறப்பட்டு, இந்தப் பக்கம் தென்காசிக்கு வந்து தரிசனம் கொடுத்துவிட்டு, திரும்ப மலையேறி கேரளாவுக்குள் போகிறது. கமிஷன் போட்ட கோடு சாமிக்குத் தெரியாது!

பீர்மேடு போனதன் பாதிப்பு தேனிக்காரரைக் கேட்டால் தெரியும். முல்லைப் பெரியாறு அணை நிற்பது அந்தத் தாலுகாவில். தண்ணீர் வருவது தமிழ்நாட்டு வயலுக்கு. இன்றுவரை கோர்ட், கமிட்டி, நீர்மட்டம் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம்.

ஆக, இந்தக் குட்டிக் கட்சி கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் அபூர்வம்.

கடையைக் கட்டினார்கள்!

கோரிக்கையின் பெரும்பகுதி நிறைவேறிவிட்டது. இனி எதற்குத் தனிக் கட்சி? 1957-ல் தமிழ்நாடு காங்கிரஸைக் கலைத்து காங்கிரஸோடு சேர்ந்துவிட்டார்கள். 'பொன்விழா மாநாடு', 'அசல் த.நா.கா.', 'போட்டி த.நா.கா.' எதுவும் கிடையாது. வேலை முடிந்தது, போர்டைக் கழற்று!

நேசமணி 1962, 1967 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் நாகர்கோவில் எம்.பி. ஆனார். 1968-ல் அவர் மறைந்த பிறகு காலியான அதே தொகுதியில்தான், சொந்த ஊர் விருதுநகரில் 1967-ல் தோற்றுப்போன காமராஜ் 1969-ல் நின்று ஜெயித்தார். அந்தத் தொகுதி தமிழ்நாட்டில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் விவாதிக்கலாம். சட்டநாதக் கரையாளர் 1957-ல் தென்காசியில் சுயேச்சையாக ஜெயித்துச் சென்னை சட்டசபைக்குப் போனார்.

அதே 1957-ல் சென்னையில் இன்னொரு கோஷ்டி நாடகம் நடந்தது. காமராஜ் பிடிக்காத ராஜாஜி ஆதரவாளர்கள் 'காங்கிரஸ் சீர்திருத்தக் கமிட்டி' என்று பிரிந்து தேர்தலில் நின்றார்கள். இதுதான் நம் ஊரின் அசல் பழமைவாதக் கோஷ்டி. 'அரசாங்கம் வியாபாரத்தில் மூக்கை நுழைக்காதே' என்கிற ரகம். அவர்களில் பலர் 1959-ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்குப் போனார்கள். அந்தக் கட்சிக்கு 1962-ல் சென்னை சட்டசபையில் 6 இடம், 1967-ல் தி.மு.க. கூட்டணியில் 20 இடம். எழுபதுகளில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அவர்களுக்குக் கொள்கை பெரியது. ஆனால் 'இது கிடைத்தால் போதும்' என்று விரலால் தொட்டுக் காட்ட ஒரு செங்கோட்டை இல்லை.

இப்போது நடக்குமா?

"இன்னிக்கு இப்படி எட்டுப் பேர் கிளம்ப முடியுமா சார்?" என்று கேட்டார் ஆபீஸ் நண்பர், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே.

தனிக் கட்சியாக ஜெயித்து வந்தால் முடியும். ஒரு பெரிய கட்சிக்குள் இருந்துகொண்டு அமெரிக்கக் காக்கஸ் மாதிரி முறுக்கிக்கொள்ள முடியாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் எம்.எல்.ஏ. பதவியே போய்விடும். மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த சந்தையும் 2003-ல் அடைத்துவிட்டார்கள். இன்றைக்கு மூன்றில் இரண்டு பங்கு பேரோடு வேறு கட்சியில் இணைந்தால்தான் தப்பலாம்.

நல்ல சட்டம்தான். காலையில் ஒரு கட்சி, மத்தியானம் ஒரு கட்சி, ராத்திரி ரிசார்ட் என்று அலைகிறவர்களைக் கட்டிப்போடக் கொண்டுவந்த கயிறு. (ரிசார்ட் பிசினஸ் அப்படியொன்றும் படுத்துவிடவில்லை என்பது வேறு விஷயம்!) ஆனால் அந்தக் கயிறு, ஊருக்காக எழுந்து நிற்க நினைக்கிறவர் காலையும் சேர்த்துத்தான் கட்டுகிறது. உங்கள் தொகுதிக்கு ஆகாத ஒரு மசோதா வருகிறது, உங்கள் எம்.எல்.ஏ.வின் கட்சி அதை ஆதரிக்கிறது என்று வையுங்கள். அவர் மனசுக்குள் எதிர்க்கலாம். கையைத் தூக்கி எதிர்த்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நண்பர் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி யோசித்தார். "அப்போ அந்த எட்டுப் பேர் கெட்டிக்காரங்கதான்."

கெட்டிக்காரர்கள் மட்டும் இல்லை. என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள். அதைவிட முக்கியம், என்ன வேண்டாம் என்றும் தெரிந்தவர்கள்.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. செங்கோட்டை இப்போது அதில் ஒரு தாலுகா. ஒரு காலத்தில் வயல் வழக்குக்காக மலை தாண்டி ரயிலேறிய ஊருக்கு, கலெக்டர் ஆபீஸ் ஏழெட்டு கிலோமீட்டரில் வந்துவிட்டது. மனுவையும் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம்.

மனு மேல் நடவடிக்கை எடுப்பார்களா என்கிறீர்களா? அது வேறு கட்டுரை, சார்!